ஏழாம் நம்பர் பாட்டில்

கவரைப் பதினொரு மணிக்குத்தான் பிரிப்பார்கள். ஆனால் அண்ணி பால் வருவதற்கு முன்பே எழுந்து கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணியின் கணவரை ஊரில் தைலக்காரர் என்பார்கள். கசப்பிலை என்று அவர்கள் வீட்டில் சொல்லும் ஒரு வேலியோரச் செடியை எண்ணெயில் காய்ச்சி, இருபத்திரண்டு வருஷமாகப் பச்சைத் தைலம் விற்கிறார். அரிப்புக்குக் கைகண்ட மருந்து என்று அவருடைய கடை போர்டிலேயே இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடக்கிறார். அந்த நோய்க்காரர்களில் பலரைப் பிடிக்கும் அரிப்பு அவரையும் பிடித்துக்கொண்டது. தோலின் மேல் ஒன்றும் தெரியாது. உள்ளேயிருந்து அரிக்கும். கதவு விளிம்பில் முதுகைத் தேய்ப்பார், படுக்கை விரிப்பில் ரத்தக் கோடு விழும். அரிப்புக்கு மருந்து விற்றவருக்கே அரிப்பு. தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அவருடைய தங்கை அதே டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். அண்ணியின் நாத்தனார். ஒரு நாள் அவள்தான் ஆரம்பித்தாள்.

"நம்ம தைலம் நல்லா கேக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கற்றாழை கேக்குதுன்னும் சொல்றாங்க, புதினா கேக்குதுன்னும் சொல்றாங்க, ஓட்ஸ் ஊறவச்ச தண்ணில குளிச்சா போயிடும்னும் சொல்றாங்க. சொன்னா போதுமா அண்ணா? பார்த்துடலாமே."

பார்ப்பதற்கு அவள் போட்ட திட்டம் இது. வார்டில் அரிப்பு இருக்கும் நாற்பது பேர். இருபது பேருக்கு இலை போட்ட தைலம். இருபது பேருக்கு இலையே போடாமல், பச்சைக் கலர் மட்டும் சேர்த்த வெறும் எண்ணெய். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்தகத்துக்காரர் சீட்டுப் போட்டு, பாட்டில்களில் நம்பர் ஒட்டி, பட்டியலைக் கவரில் வைத்து அரக்கு வைத்துவிட்டார். ஆறு வாரம் தடவ வேண்டும். காலையும் சாயங்காலமும் அரிப்பு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பரை நோட்டில் எழுத வேண்டும். இலையில் சத்து இருந்தால் இலை போட்டவர்களுக்கு அதிகமாகக் குறையும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

தைலக்காரர் பிடிவாதமாகத் தானும் அந்த நாற்பதில் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்.

இரண்டு கேன் எண்ணெயையும் காய்ச்சிக் கொடுத்தது அண்ணி. வெறும் எண்ணெய்க்கும் அதே சூடு, அதே பக்குவம் வேண்டும் என்று நாத்தனார் கேட்டிருந்தாள். முதல் கேனை முடித்துவிட்டு இரண்டாவதற்கு எண்ணெயை ஊற்றிய அன்று பக்கத்து அறையில் அவர் முனகிக்கொண்டிருந்தார். இருபது பேருக்கு வெறும் எண்ணெய். அதில் இவரும் இருந்தால்? ஆறு வாரம் இந்த மனுஷன் வெறும் எண்ணெயைத் தடவிக்கொண்டு துடிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதா?

அண்ணி ஒரு கூடை இலையை எடுத்து இரண்டாவது கேனிலும் போட்டாள்.

அதற்கு அப்புறம் ஏழு வாரம் ஓடிவிட்டது. போன வாரம் பஸ்ஸில் நாத்தனாரிடம் சொல்லிவிட வாயெடுத்தாள். "அண்ணி, இந்த ஒரு வேலைதான் நான் என் பேரைப் போட்டுச் செய்யறது" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னதும் எடுத்த வாயை மூடிக்கொண்டாள். அந்த இடத்தில்தான் நாம் விட்டோம்.

*

வார்டில் அன்று பன்னிரண்டு கட்டிலும் நிரம்பியிருந்தன. தைலக்காரரின் கையில் ஊசி ஏறி, ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. கூட வருகிறவர்கள் வெளி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். நாத்தனார் தயவில் அண்ணிக்கு மட்டும் கட்டில் அருகே ஒரு ஸ்டூல் கிடைக்கும். அந்தத் தயவு அன்று முள்ளாகக் குத்தியது.

"ஏன் இப்படி உக்காந்திருக்க?" என்றார் தைலக்காரர். "ரிசல்ட் எனக்கா, உனக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"பயப்படாத. எது வந்தாலும் நல்லதுதான். எனக்கு எட்டா இருந்தது மூணா வந்திருக்கு. நிச்சயமா இலைதான்."

அவர் தலையணைக்கு அடியிலிருந்து தன் நோட்டை எடுத்துப் புரட்டினார். எண்பத்து நாலு நம்பர், ஒரு வேளை கூட விடாமல். கடையில் தைலம் அடுக்கடுக்காக இருந்தும் ஆறு வாரத்தில் ஒரு சொட்டுக் கூட அவர் அதைத் தொடவில்லை. தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஜன்னலோரக் கட்டிலில் கணக்கு டீச்சர் படுத்திருந்தார். அவருக்கு ஏழாம் நம்பர் பாட்டில். எல்லோரும் ஆறு, ஏழு என்று எழுதினால் டீச்சர் ஆறரை, ஆறேகால் என்று எழுதுவார். "முழு எண்ல அரிக்கணும்னு சட்டமா?" என்று கேட்டு நாத்தனாரைச் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

இப்போது டீச்சர் சிரிக்கும் நிலையில் இல்லை. ஒரு வாரமாக இரண்டு கைகளிலும் கழுத்திலும் சிவந்து தடித்து, சின்னச் சின்னக் கொப்புளம். இதயத் துடிப்புக்குப் புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய நேரமும் அது. டாக்டருக்கு இரண்டு சந்தேகம். ஒன்று மாத்திரை, இன்னொன்று தைலத்தின் இலை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையுமே நிறுத்தி வைத்திருந்தார். ஐந்து நாளாக மாத்திரை இல்லை. நேற்றுக் குளியலறையில் டீச்சருக்குத் தலை சுற்றியது.

"கவர் பிரிக்கட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று டாக்டர் சொன்னதை அண்ணி காலையில்தான் கேட்டாள். கவரில் வெறும் எண்ணெய் என்று வந்தால் பழி மாத்திரையின் மேல்தான் விழும். இதுவரை தன் பொய் யாரையும் கடிக்காத பொய் என்று நினைத்திருந்தாள். எல்லோருக்கும் நல்லதைத்தானே கொடுத்தோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி ஏழு வாரத்தை ஓட்டியிருந்தாள்.

பதினொன்று அடித்தது. நாத்தனார் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போகிறவளைப் போல மீட்டிங் அறைக்குள் போனாள்.

அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். கதவு பத்தடியில்தான் இருந்தது. அண்ணி முந்தானையைக் கசக்கிக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை டீச்சருக்கு இலைப் பக்கம் விழுந்திருந்தால் தானாகவே சரியாகிவிடும் என்று ஒரு அற்ப ஆசை. பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

*

முக்கால் மணி நேரம் கழித்து நாத்தனார் வெளியே வந்தாள். கையில் ஒரே ஒரு தாள். நேராக அண்ணன் கட்டிலுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தைலக்காரர் நோட்டை மூடிவிட்டார்.

"சொல்லும்மா."

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் அண்ணா. இலை போட்டவங்களுக்கு ஏழுலேருந்து நாலு. வெறும் எண்ணெய்க்காரங்களுக்கும் ஏழுலேருந்து நாலு. புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர் கூட பக்கத்துப் பக்கத்துல இருக்கு."

"அப்படின்னா?"

"காய்ஞ்ச தோலுக்கு எண்ணெய் பட்டதே போதுமா இருந்திருக்கு. இலைக்குன்னு தனியா ஒரு வேலையும் இல்ல."

அவர் மூடிய நோட்டைத் தங்கை பக்கம் நீட்டினார்.

"என்னோடது எந்தப் பக்கம்?"

நாத்தனார் தாளைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"பத்தொன்பது. வெறும் எண்ணெய்."

தைலக்காரர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, ஆனால் உடம்பு குலுங்கியது. மெஷினில் இருந்த சின்ன விளக்கு மஞ்சளாகி மறுபடியும் பச்சையானது.

"பாரேன். எட்டுலேருந்து மூணா வந்ததும் நிச்சயமா இலைதான்னு இவகிட்ட இப்பதான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷமா செடியைத் தேடி அலைஞ்சு, பறிச்சு, நிழல்ல காயவச்சு, கைகண்ட மருந்துன்னு போர்டு வேற. வெறும் எண்ணெயைத் தடவுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாருக்கும் வேலை மிச்சம்."

"அண்ணா, நீ யாரையும் ஏமாத்தல. தெரியாமதானே."

"தெரியாம வித்தது வரைக்கும் சரி. இப்போ தெரிஞ்சுபோச்சே." அவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். "சாயங்காலம் போனதும் போர்டை இறக்கிடலாம். கேட்டு வர்றவங்ககிட்ட நானே சொல்லிடறேன். இலை சும்மா, எண்ணெய்தான் வேலை செய்யுதுன்னு."

குரலில் நடுக்கமில்லை. ஆனால் ஊசி இல்லாத கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்ததை அண்ணி பார்த்தாள். அவருக்குச் சிறுநீரகம் போனபோது கூட இப்படிப் பிடித்ததில்லை. மடியில் கனம் இருப்பவளுக்கு வழியெல்லாம் பயம் என்பார்கள். அவளுக்கு அந்த நிமிஷம் பயம் போய், வெட்கம்தான் மிஞ்சியது. இவர் ஒரு நாளும் சொல்லாத பொய்யை இவர் தலையில் கட்டி, அதற்கு இவரையே தண்டனை அனுபவிக்க வைத்திருக்கிறோம்.

"ஏங்க" என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் ஜன்னல் பக்கம் டாக்டரின் குரல் கேட்டது.

"டீச்சர், உங்களோடது வெறும் எண்ணெய்தான். ஏழாம் நம்பர். அதுல இலையே கிடையாது. அதனால மாத்திரைதான் உங்களுக்கு ஒத்துக்கலன்னு முடிவாயிடுச்சு. அந்த மாத்திரை இனிமே வேணாம். வேற பார்க்கலாம், நாலஞ்சு நாள் ஆகும்."

"இந்த எரிச்சலுக்கு என்ன பண்றது டாக்டர்?"

"அந்த எண்ணெயையே தடவுங்க. நல்லா தாராளமா தடவுங்க. வெறும் எண்ணெய்தானே, ஒண்ணும் செய்யாது."

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். டீச்சர் நிம்மதியாகப் பையைத் துழாவி, ஏழு என்று ஒட்டியிருந்த பழுப்பு பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். கொப்புளம் போட்ட கையை நீட்டி, பாட்டிலைச் சாய்த்தார்.

அண்ணி எப்படி எழுந்தாள், எப்படி அந்த நாலு கட்டிலைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. டீச்சரின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். எண்ணெய் போர்வையில் சிந்தியது.

"வேணாம் டீச்சர். தடவாதீங்க."

"ஏம்மா? வெறும் எண்ணெய்னு டாக்டர் இப்பதானே சொன்னாரு."

"வெறும் எண்ணெய் இல்ல டீச்சர். அதுலயும் இலை இருக்கு. நான்தான் போட்டேன்."

டாக்டர் திரும்பினார். நாத்தனார் கையில் தாளோடு நடுவில் நின்றாள்.

"என்ன சொல்றீங்க அண்ணி?"

"ரெண்டு கேன்லயும் இலை போட்டேன்மா. வெறும் எண்ணெய்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நீ கொடுத்த பச்சைக் கலர் டப்பா வீட்டுல அரிசி டின்னுக்குப் பின்னால இருக்கு. மூடி கூடப் பிரிக்கல."

நாத்தனாருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இரண்டு எண்ணெயின் நிறமும் இவ்வளவு ஒத்துப்போய்விட்டதே, உங்கள் அண்ணிக்குக் கைராசி என்று மருந்தகத்துக்காரர் அன்று அவளிடம் மெச்சியிருந்தார். அவளும் வீட்டுக்கு வந்து பெருமையாக அதைச் சொல்லியிருந்தாள்.

டாக்டர் சத்தம் போடவில்லை. அருகில் வந்து ஒரே கேள்வி கேட்டார்.

"எவ்வளவு இலை?"

"ரெண்டுலயும் ஒரே அளவுங்க. ஒரு கேனுக்கு ஒரு கூடை. அளவுல மட்டும் பொய் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் அடுக்காகச் சொல்லிக்கொண்டே போனார். டீச்சருக்கு மாத்திரையைக் கண்காணிப்போடு இப்போதே மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும், இன்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நாற்பது பேருக்கும் போன் போட்டு எண்ணெயை நிறுத்தச் சொல்ல வேண்டும். யாருக்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று ஒருவர் விடாமல் கேட்க வேண்டும். கடைசியாக நாத்தனாரைப் பார்த்தார்.

"நடந்ததை எழுத்துல கொடுங்க. இன்னைக்கே. இந்தச் சோதனைக்கு அனுமதி கொடுத்த கமிட்டிக்குப் போகணும்."

"சரி டாக்டர்."

டீச்சர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்தார். போர்வையை இழுத்து எண்ணெய்க் கறையை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார்.

*

துணி அடுக்கும் அறையில் அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே நின்றார்கள். வெளுத்த விரிப்புகளின் மருந்து வாசனை அடித்தது.

"என்னைத் திட்டிடும்மா" என்றாள் அண்ணி.

"திட்டி என்ன ஆகப் போகுது? தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்ச கதைதான். வெறும் எண்ணெயை நான் வெளியில கொடுத்துக் காய்ச்சியிருக்கணும். வீட்டாளுங்கன்னு நம்பினது என் தப்பு."

"உங்க அண்ணன் துடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு என்னால..."

"எனக்கு மட்டும் அவர் யாரு அண்ணி? பக்கத்து வீட்டுக்காரரா?" அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "நானும்தான் அவருக்கு நம்பர் ஒட்டின பாட்டிலைக் கொடுத்தேன். எது விழுந்திருக்கோன்னு ஆறு வாரம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

நாத்தனார் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அண்ணனுக்கு அரிப்பு குறைஞ்சுதே, எதனால குறைஞ்சுது?"

"இலையாலதானேம்மா. இலை இருந்துச்சே."

"எப்படிச் சொல்றீங்க? நாப்பது பேருக்கும் இலை. நாப்பது பேருக்கும் எண்ணெய். இலையாவும் இருக்கலாம், எண்ணெயாவும் இருக்கலாம். தினமும் ரெண்டு வேளை யாரோ முதுகுல கை வச்சுத் தேச்சுவிட்டாங்களே, அதாவும் இருக்கலாம். எதை எதோட ஒப்பிடறது? கை நடுங்கறவங்க கூட வேளை தவறாம நம்பர் எழுதினாங்க அண்ணி. ஒருத்தர் மகளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுத வச்சாரு. எல்லாரும் சேர்ந்து ஒரு பதில் வாங்கப் பார்த்தோம். அதை நீங்க அடுப்புல வச்சுக் கருக்கிட்டீங்க."

அவள் இரண்டு விரிப்புகளை எடுத்துக்கொண்டாள். தேவையிருந்ததா, வெறுமனே எடுத்தாளா தெரியவில்லை.

"நீங்க வீட்டுக்கு அண்ணாவைக் கூட்டிட்டுப் போங்க. நான் அந்தக் கடிதத்தை எழுதணும்."

*

டயாலிசிஸ் முடிந்தால் தைலக்காரர் பிழிந்த துணியாகிவிடுவார். பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்குவது வழக்கம். அன்று ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தூங்கவும் இல்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. சாயங்கால வெளிச்சத்தில் பச்சை பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவர் போர்டின் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தைலம் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில் சொன்னார்.

"இன்னைக்கு இல்லைங்க."

"பின்னால அவ்வளவு இருக்கே."

"இருக்கு. கொடுக்கறதுக்கில்ல. தடவி யாருக்காவது தோல் சிவந்திருந்தா உடனே நிறுத்தச் சொல்லுங்க."

மூன்றாவது ஆள் போனதும் அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள்.

"போர்டை இறக்கணுமாங்க?"

"இறக்கவும் முடியல, இருக்கட்டும்னு விடவும் முடியல. காலையில சும்மான்னு முடிவாச்சு. மத்தியானம் அதுவும் இல்லேன்னு ஆயிடுச்சு. இப்போ ஒருத்தன் வந்து, உங்க இலை வேலை செய்யுமான்னு கேட்டா நான் என்ன சொல்ல?" அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நான் தாங்கமாட்டேன்னு நினைச்சியா?"

"நீங்க தாங்குவீங்க. எனக்குத்தான் தாங்காது."

இதைச் சொன்ன பிறகுதான், ஏழு வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சிலிருந்து ஒரு உண்மை முழுசாக வெளியே வந்தது என்று அவளுக்குப் பட்டது. அவருக்காகச் செய்தேன், அவருக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டதெல்லாம் பாதிதான். அழுகை வந்தது. அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அடக்கிக்கொண்டாள்.

விளக்குப் போடும் நேரத்தில் நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"மாத்திரை ஆரம்பிச்சாச்சு. டீச்சருக்கு நாடி சீராத்தான் இருக்கு, ஆனா ரெண்டு நாள் வச்சுப் பார்ப்பாங்க. போன் போட்டதுல இன்னும் மூணு பேருக்குக் கை சிவந்திருக்கு. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லாமலே இருந்திருக்காங்க. அரிப்பு குறையுதேன்னு."

"உன் வேலை?" என்றார் அண்ணன்.

"வியாழக்கிழமை கமிட்டி கூடுது. அதுவரைக்கும் வார்டுக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ணியையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"வரேன்" என்றாள் அண்ணி.

"இன்னொண்ணு. டீச்சர் உங்களைப் பார்க்கணுமாம். நாளைக்கு, தனியா. எதுக்குன்னு கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டாங்க. வரும்போது அண்ணாவோட நோட்டைக் கொண்டுவரச் சொன்னாங்க."

அவருடைய நோட்டு டீச்சருக்கு எதற்கு? மூன்று பேருக்கும் விளங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று அண்ணி சொன்னதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நாத்தனார் படியிறங்கிப் போனாள்.

எண்ணெய் தடவும் வேளை வந்தது. அண்ணி பழக்கதோஷத்தில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"சமையல் அறையில காய்ச்சாத எண்ணெய் இருக்கில்ல, அதைக் கொண்டா."

கொண்டுவந்தாள். அதற்குள் அவர் முதுகு தேய்க்கும் நீளக் கைப்பிடி பிரஷ்ஷில் பழைய பனியன் துணியைச் சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தார். அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"நான் தடவறேங்க. உங்க ஊசிக் கை வலிக்கும்."

"வேணாம். இலையும் இல்லாம, உன் கையும் இல்லாம பார்க்கறேன்."

"ஒருத்தரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு உங்க தங்கச்சி சொல்லுவா."

"ஊருக்குச் சொல்லப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்சா போதும்."

துணி சுற்றிய பிரஷ் தோளைத் தாண்டிப் பாதி முதுகு வரைதான் எட்டியது. எட்டாத இடத்தில் பழைய நகக் கீறல்கள் தெரிந்தன. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, எண்ணெய் மட்டும் என்று தலைப்பு எழுதினார்.

கால் மணி நேரம் போனது. அவர் தோளைச் சுவரில் ஒருமுறை உரசினார். பிறகு சுவரை விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"எவ்வளவுங்க?" என்று கேட்டாள்.

"ஏழு."

அவள் பாதி எழுந்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்து, ஏழு என்று எழுதினார். அண்ணி மறுபடியும் உட்கார்ந்தாள். வலது கை தானாக நீண்டது. அதை இழுத்து மடியில் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.